சாக்ஸபோனில் சொந்தக் குரல்: ஜாஸ் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

1994-ல் ‘டூயட்’ படம் வந்த பிறகு, கத்ரி கோபால்நாத் புண்ணியத்தில் சாக்ஸபோன் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வரவேற்புகளிலும் இப்போது அதைக் கேட்கலாம். வாசிக்கிற பிள்ளைகளில் சிலர் ஜாஸ் பக்கம் திரும்புகிறார்கள். திரும்பிய கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “நல்லாத்தான் வாசிக்கிறே தம்பி, ஆனா உனக்குன்னு ஒரு குரல் வேணும்.”

அது என்ன குரல், எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸை மாற்று என்பார் ஒருவர். மற்றவர்களைக் கேட்டால் உன் சுயம் கெட்டுப்போகும், கேட்காதே என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் மோகன ராகம் கலந்துவிடு என்பார். முதல் யோசனையில் கால்வாசி உண்மை இருக்கிறது. இரண்டாவது முழுத் தவறு. மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

குரலில் என்னென்ன இருக்கிறது

முகப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டாம் கட்டிலிருந்து ஆச்சி யாரையோ கூப்பிடுகிறார். சொல் காதில் சரியாக விழவில்லை, ஆனால் கூப்பிட்டது யார் என்று தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது? ஒன்று, தொண்டையின் நாதம். இரண்டு, எந்த இடத்தில் இழுப்பார், எங்கே வெட்டுவார் என்கிற நடை. கொஞ்சம் பக்கத்தில் போனால் அவர் வாயில் அடிக்கடி வரும் சொற்கள். கடைசியாக, பேச்சுக்கு நடுவே எங்கே நிறுத்துகிறார் என்பது.

சாக்ஸபோனிலும் இந்த நாலுதான்: தொனி, காலம், சொற்கள், மௌனம். தொனி என்றால், ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் வாசித்தாலும் வேறாகக் கேட்கிறதே, அந்த வேறுபாடு. மற்ற மூன்றும் அந்தந்த இடத்தில் வரும்.

குரல் மரபுக்கு வெளியே போனால்தான் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் செட்டிநாட்டு மண்ணையே பார்க்கலாம். குன்றக்குடி வைத்தியநாதனின் வில் இரண்டு இழுப்பு இழுத்தாலே வாசிப்பது அவர்தான் என்று தெரிந்துவிடும். காரைக்குடி மணியின் மிருதங்கத்தைத் தனி ஆவர்த்தனம் வரை கேட்க வேண்டியதில்லை. காரைக்குடி சகோதரர்கள் பெயரில் ஒரு வீணைப் பாணியே இருக்கிறது. இவர்கள் எல்லாரும் இலக்கணத்துக்குள் நின்றே அடையாளம் காட்டியவர்கள். ஜாஸிலும் அப்படித்தான்.

ஆனால் குரல் இருப்பது உடனே பாராட்டு வாங்கித் தரும் என்று நம்ப வேண்டாம். 1934-ல் அமெரிக்காவில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் ஜாஸ் குழுவில் கோல்மன் ஹாகின்ஸ் இருந்த இடத்துக்கு லெஸ்டர் யங் வந்தார். ஹாகின்ஸின் டெனர் சாக்ஸபோன் கனமானது, அதிர்வு நிறைந்தது. யங்கின் தொனி மெலிதானது, லேசானது. குழுவினருக்கு அது பிடிக்கவில்லை. ஹெண்டர்சனின் மனைவி ஹாகின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, இப்படி வாசியுங்கள் என்று பாடம் நடத்தினார். யங் மாறவில்லை, சில மாதங்களில் விலகிவிட்டார். பின்னால் வந்த ஒரு தலைமுறையே அந்த மெலிந்த தொனியைப் பின்பற்றியது.

தொனி: கருவியில் எவ்வளவு, வாயில் எவ்வளவு

ரீடு என்பது நாணல் பட்டை. நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று அதிரும். சாக்ஸபோனில் ஒரே பட்டை, மவுத்பீஸின் விளிம்பில் பட்டுப் பட்டு அதிரும். அந்த அதிர்வுதான் மூல ஒலி. அதை ஒரு பக்கம் கூம்பு வடிவக் குழாய் வடிவமைக்கிறது, மறுபக்கம் உங்கள் வாய், நாக்கு, தொண்டை வடிவமைக்கின்றன. இரண்டாவது பக்கத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

1953 மே மாதம் டொரான்டோவில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் கையில் இருந்தது பித்தளைக் கருவி அல்ல, கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்டோ (டெனரைவிடச் சிறிய சாக்ஸபோன்). பதிவு இன்றும் கிடைக்கிறது. கேட்டால் பார்க்கர் பார்க்கராகவே இருக்கிறார். மவுத்பீஸுக்காக மாதக்கணக்கில் விவாதம் செய்பவர்கள் அந்தப் பதிவை ஒருமுறை கேட்பது நல்லது.

இதனால் மவுத்பீஸ் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே உள்ள சந்துக்கு நுனித் திறப்பு என்று பெயர். ஆல்டோவில் தொடங்குபவருக்கு 1.7 முதல் 2.0 மில்லிமீட்டர் போதும், ரீடு 2 அல்லது 2.5 எண் (எண் கூடக் கூட ரீடு விறைப்பாக இருக்கும்). ஜாஸ் என்றால் பெரிய திறப்பு வேண்டும் என்று கேள்விப்பட்டு அகலமான மவுத்பீஸும் 3.5 எண் ரீடும் வாங்கிவிட்டால் காற்று பிடிபடாது. ரீடை மூடுவதற்காகத் தாடை கடிக்கத் தொடங்கும். கடித்தால் ஒலி கிள்ளினாற்போல் மெலியும், மேல் ஸ்வரங்களில் சுருதி ஏறும், கீழ் உதட்டின் உள்பக்கம் புண்ணாகும். உதடும் தாடையும் மவுத்பீஸைப் பிடிக்கும் விதத்துக்கு எம்பூஷர் என்று பெயர். கடித்துப் பழகிய எம்பூஷரைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

தொனிக்கு மூன்று பயிற்சிகள். முதலாவது நீண்ட ஸ்வரம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து, நடு ஸ்தாயி ஜி என்ற ஸ்வரத்தை நாலு எண்ணிக்கையில் மெல்லியதிலிருந்து பலமாக ஏற்றி, நாலு எண்ணிக்கையில் இறக்குங்கள். இறக்கும்போதுதான் தாடை தன்னையறியாமல் இறுகும், சுருதி ஏறும். சுருதி காட்டும் டியூனரின் முள் நகராமல் இறக்க வந்த பிறகு எட்டு எண்ணிக்கைக்குப் போங்கள்.

இரண்டாவது, மேற்சுரப் பயிற்சி. எல்லாச் சாவிகளையும் மூடிக் கிடைக்கும் கடைசி ஸ்வரமான பி ஃபிளாட்டை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை அசைக்காமல், ஸ்தாயியை உயர்த்தும் ஆக்டேவ் சாவியைத் தொடாமல், தொண்டையையும் நாக்கையும் மட்டும் மாற்றி மேலே போக வேண்டும். வரிசையாக வருபவை: ஸ, மேல் ஸ, அதன் ப, அதற்கு மேல் ஸ, அந்தர காந்தாரம், ப. தம்பூராவில் காதைக் கூர்மையாக்கினால் கேட்குமே, அதே வரிசை. முதல் வாரத்தில் மேல் ஸ மட்டும் வந்தாலே போதும். வராதபோது கடித்து வரவழைக்காதீர்கள். வர வேண்டிய ஸ்வரத்தை மனதுக்குள் பாடுங்கள், நாக்கின் நடுப்பகுதி “ஈ” சொல்லும்போது உயர்வது போல் கொஞ்சம் உயரட்டும். நாளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், உதடு களைத்தால் பழைய கடிப் பழக்கம் திரும்பிவிடும்.

மூன்றாவது, மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுவது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, உதட்டைத் தளர்த்தாமல் நாக்கை மட்டும் இறக்கி, கீழ் ப வரை வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். பின்னால் ஸ்வரங்களை வளைக்கும் வித்தை எல்லாம் இதிலிருந்துதான்.

ஒரு ஸ்வரத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பாகம் தெரியும். தொடக்கத்தில் நாக்கு ரீடைத் தட்டி விலகுகிறதா, தட்டாமல் வெறும் மூச்சில் தொடங்குகிறதா? பென் வெப்ஸ்டரின் மெதுவான பாட்டுகளில் ஸ்வரத்துக்கு முன்னும் பின்னும் மூச்சுக் காற்றே கேட்கும். நடுவில் அதிர்வு உண்டா, இல்லையா? சிட்னி பெஷே தொடக்கத்திலிருந்தே அகலமாக அதிரவைப்பார். பின்னால் வந்தவர்களில் பலர் நேராகப் பிடித்துக் கடைசியில் மட்டும் லேசாக அசைப்பார்கள். முடிவில் நாக்கால் அடைக்கிறீர்களா, காற்றைக் குறைத்துக் கரைய விடுகிறீர்களா? ஒரே ஒரு ஜி-யை எடுத்து இந்த மூன்று பாகங்களையும் மாற்றி மாற்றி வாசித்தால் எட்டுப் பத்து வேறு ஆட்கள் வாசிப்பது போல் கேட்கும்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் ரீடு காய்ந்து நுனி அலை அலையாக நெளியும். அப்படியே ஊதினால் கீச்சிடும். சில நிமிஷம் தண்ணீரில் போட்டு நுனி சமமான பிறகு மாட்டுங்கள். நாலு ரீடுகளுக்கு எண் எழுதி வைத்து நாளுக்கு ஒன்றாக மாற்றினால் எல்லாமே அதிக நாள் உழைக்கும். வெயிலில் கருவியின் சுருதியும் ஏறும். மவுத்பீஸைக் கார்க்கில் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்யுங்கள், உதட்டைத் தளர்த்திச் சரிசெய்யாதீர்கள்.

இரண்டாவது, வீடு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், உயரமான கூரை. இப்படிப்பட்ட கூடத்தில் யார் ஊதினாலும் அருமையாகக் கேட்கும். அதுதான் ஆபத்து. எதிரொலி ஸ்வரத்தின் முடிவை மூடிவிடும், நாக்குத் தடுமாறுவதும் தெரியாது. உற்சாகத்துக்குக் கூடத்தில் வாசியுங்கள். குறை கண்டுபிடிக்க மெத்தையும் துணியும் நிறைந்த சின்ன அறைக்கோ, ஊருணிக் கரைக்கோ போங்கள். (சானி ரோலின்ஸ் 1959 முதல் 1961 வரை நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய்ப் பயிற்சி செய்தார். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்பதுதான் காரணம். ஊருணிக் கரைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.)

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: தொனி பெரும்பாலும் வாய்க்குள் உருவாகிறது, மவுத்பீஸ் அதற்கு இடம் கொடுக்கிறது. அடிப்படை அளவில் ஒன்றை வாங்கி, குறைந்தது ஒரு வருஷம் அதை மாற்றாமல் இருங்கள்.

காலம்: எண்ணிக்கைக்குள் எங்கே நிற்கிறீர்கள்

ஜாஸில் ஒரு எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் சமமாக இருக்காது. முதல் பாதி கொஞ்சம் நீளும், இரண்டாவது குறுகும், அழுத்தம் பெரும்பாலும் அந்தக் குறுகிய பாதியில் விழும். இந்த நடைக்கு ஸ்விங் என்று பெயர். மிதமான வேகத்தில் சுமார் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம், வேகம் கூடக் கூடச் சமத்தை நெருங்கும். இதை எழுதிக் கற்க முடியாது, கேட்டுத்தான் கற்க வேண்டும்.

ஆதி தாளம் போட்டு வளர்ந்த நமக்குக் கை தானாக முதல் எண்ணிக்கையான சமத்தில் விழும். ஜாஸில் நாலு எண்ணிக்கையில் 2-ம் 4-ம்தான் தட்டு. இதற்கு ஒரு பயிற்சி: மெட்ரோனோமை 60-ல் வைத்து, அது தட்டும் ஒவ்வொரு தட்டையும் 2, 4 என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேகம் இப்போது 120. தெரிந்த ஒரு மெட்டை வாசியுங்கள். நாலைந்து வரி போவதற்குள் தட்டு 1, 3-க்கு மாறிவிட்டது போல் தோன்றும். மெட்ரோனோம் மாறவில்லை, நீங்கள்தான் ஒரு எண்ணிக்கையை விழுங்கிவிட்டீர்கள். நிறுத்தி, வாயால் எண்ணி, மறுபடி தொடங்குங்கள்.

இது உறுதியான பிறகுதான் குரல் விஷயம் வருகிறது. டெக்ஸ்டர் கார்டன் தட்டுக்கு ஒரு இழை பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவசரமே இல்லாத ஆள் பேசுவது போல் இருக்கும். தட்டு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தவர் பின்னால் சாய்ந்தால் அது நடை. தெரியாதவர் பின்னால் போனால் அது பிசகு, கூட வாசிக்கிற டிரம்மருக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

சொற்கள்: காப்பியடித்தால்தான் சொந்தம் வரும்

மனோதர்மமாக வாசிப்பவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அந்த நொடியில் கண்டுபிடிப்பதில்லை. பழகிய சிறு சிறு வரிகளை இடத்துக்கேற்ப வளைத்துக் கோக்கிறார். அப்படி ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் வரிக்கு ஃபிரேஸ் என்று பெயர். இந்த வரிகள் பெரியவர்களிடமிருந்துதான் வரும். சார்லி பார்க்கர் பதினாறு பதினேழு வயதில், 1937 கோடையில், லெஸ்டர் யங்கின் தனி வாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து மனப்பாடம் செய்தார். அதற்குப் பின் பார்க்கர் யங்கைப் போல் வாசித்தாரா? இல்லையே.

செய்ய வேண்டியது இப்படி. எட்டு முதல் பதினாறு பார் நீளமுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பார் என்பது பெரும்பாலும் நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டம். முதல் ஆளாக லெஸ்டர் யங் நல்லவர், அவர் வரிகள் வாயால் பாட வரும். 1936-ல் பதிவான ‘லேடி பி குட்’ பலரும் தொடங்கும் இடம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் செயலியில் 60, 70 சதவீதத்துக்கு இறக்கி, கருவியைத் தொடாமல் பாடுங்கள். பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ தன் மாணவர்களை இப்படித்தான் முதலில் பாட வைத்தார். பதிவோடு சேர்ந்து பிசிறில்லாமல் பாட வந்த பிறகு கருவியில் தேடுங்கள். ஸ்வரம் மட்டும் போதாது. எதை நாக்கால் தட்டினார், எதைப் பாதி விழுங்கினார், எந்த முடிவைக் கரைய விட்டார் என்பதும் வர வேண்டும். அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து வாசிப்பவர்களுக்கு வராமல் போவது இதுதான். ஸ்வரம் எல்லாம் சரியாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டால் அவருடைய நகலாகத்தான் முடியும். பார்க்கர் காலத்தில் ஆல்டோக்காரர்கள் பலருக்கும் அதுதான் நடந்தது. அந்தக் கூட்டத்தில் லீ கோனிட்ஸ் தனியாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், அவர் காதில் டிரிஸ்டானோவும் லெஸ்டர் யங்கும் ஆழமாக இருந்தது. ஆகவே ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நீங்கள் வாசித்த நகலைப் பதிவு செய்து மூலத்தோடு வைத்துக் கேளுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி ஃபோனை வையுங்கள், கருவியின் விரிந்த வாயான பெல்லுக்கு நேரே வைத்தால் ஒலி உடைந்துவிடும். எவ்வளவு முயன்றாலும் சில இடங்களில் உங்களுடையது வேறாக இருக்கும். அவற்றை எழுதிவையுங்கள். மூலத்தில் உள்ளது போலவே அந்த இடத்தை வாசிக்க உங்களால் முடிகிறதா? முடியாவிட்டால் அது குறை, பயிற்சி செய்து தீர்க்க வேண்டியது. முடிகிறது, ஆனாலும் கவனம் தளர்ந்த நேரத்தில் கை வேறு வழிக்கே போகிறது என்றால் அது உங்கள் விருப்பம். மூன்று பேரை நகல் செய்த பிறகும் ஒரே மாதிரியான விலகல் மூன்றிலும் வருகிறதா? அதுதான் உங்கள் குரலின் முதல் அடையாளம். பெரும்பாலும் அது அலங்காரமாக இருக்காது. வரிகளைச் சீக்கிரம் முடிப்பது, கீழ் ஸ்தாயிக்கே திரும்பத் திரும்ப வருவது என்று சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

குறையையே குரல் என்று சொல்லிக்கொள்வது இந்தத் துறையில் ரொம்ப சகஜம். மேலே சொன்ன சோதனை அதற்குத்தான்.

கண்டுபிடித்ததை வளர்க்க லீ கோனிட்ஸின் வழி உதவும். ஒரு மெட்டை எடுத்து முதல் சுற்றில் அப்படியே வாசிக்க வேண்டும். அடுத்த சுற்றில் ஓரிரு ஸ்வரம் மட்டும் கூட்டலாம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இப்படிப் பத்துப் படிகளில் மெட்டு முழுதும் மறைந்து புதிய வாசிப்பு வரும். பொறுமையில்லாதவர்கள் இரண்டாம் படியிலிருந்து ஒன்பதுக்குத் தாவுவார்கள். தாவினால் கைப்பழக்கம்தான் வாசிக்கும்.

மௌனம்

சொல்வதற்கு அதிகமில்லை, செய்வதற்குத்தான் கஷ்டம். இரண்டு பார் வாசித்து இரண்டு பார் சும்மா இருங்கள். மூச்சு வாங்க வேண்டிய கட்டாயம் இருப்பதால் சாக்ஸபோன்காரர்களுக்கு இது இயல்பாக வர வேண்டும், ஆனால் மூச்சு முட்டும் வரை நிறுத்தாதவர்கள்தான் அதிகம். நிறுத்தும் இடத்தை மூச்சு முடிவு செய்யக்கூடாது, வரி முடிவு செய்ய வேண்டும்.

மோகனம் கலக்கலாமா

கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது ஜாஸுக்குப் பெரிய சொத்து. பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, பார்க்கர் வழி வந்தவர் என்று இளமையில் பெயர் வாங்கியவர், பின்னால் நாதஸ்வரத்தையே கற்றுக்கொண்டு தன் இசைத்தட்டுகளில் வாசித்தார். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 2008-ல் ‘கின்ஸ்மென்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். இவர்கள் ராகத்தை மேலே தூவவில்லை. தூவினால் எங்கே இடிக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பது ஜாஸில் மிகவும் பழகிய அமைப்பு. ஸ்வரங்களைக் கொத்தாகச் சேர்த்து ஒலிப்பதற்கு கார்டு என்று பெயர். எளிய வடிவத்தில் முதல் நாலு பார் ஸ-வை அடியாகக் கொண்ட கார்டு, 5, 6-ஆம் பார்கள் ம-வை அடியாகக் கொண்ட கார்டு, 7, 8-ல் மறுபடி ஸ, கடைசி நாலு பார் ப வழியாகச் சுற்றி ஸ-வுக்குத் திரும்பும். முதல் நாலு பாரில் மோகனம் அழகாக உட்காரும். 5-ஆம் பாரில் பியானோக்காரர் போடும் கார்டுக்குள் சாதாரண காந்தாரம் இருக்கிறது. உங்கள் கையில் மோகனத்தின் அந்தர காந்தாரம். இரண்டும் அரை ஸ்வரத் தூரத்தில் மோதும். ராகம் சுத்தமாக இருக்கும், இசை கெட்டுப்போகும்.

அந்த இரண்டு பாரில் காந்தாரத்தை மட்டும் கீழே இறக்குங்கள். ஸ, ரி, சாதாரண காந்தாரம், ப, த. காதுக்குப் பழகிய சிவரஞ்சனியின் ஸ்வரங்கள்! 7-ஆம் பாரில் மறுபடி மோகனத்துக்கு ஏறிவிடலாம். ப்ளூஸ் பாடகர்கள் காந்தாரத்தை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஊசலாட விடுவார்கள், அந்த ஊசல் நாதஸ்வரக் காதுக்கு அந்நியமே இல்லை. மவுத்பீஸில் வழுக்கிப் பழகிய நாக்கு இங்கே உதவும்.

இப்போது அந்த ஒரே காந்தார மாற்றத்தைப் பத்துச் சுற்று வாசித்துப் பதிவு செய்யுங்கள். 4-ஆம் பாரின் கடைசி எண்ணிக்கையிலேயே முன்கூட்டி இறக்குவது, 5-ஆம் பார் தொடங்கிய பிறகு தாமதமாக வழுக்குவது, நாக்கால் வெட்டி நேராக மாறுவது, காந்தாரத்தையே தொடாமல் அந்த இடத்தில் நிறுத்திவிடுவது. எல்லாமே செல்லும். மறுநாள், கருவியைக் கையில் எடுக்காமல், மெத்தை அறையில் உட்கார்ந்து பத்தையும் கேளுங்கள். திட்டமிடாமலே அதிகம் வந்தது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதை வேறு சுருதியில், வேறு வேகத்தில் தொடங்குங்கள்.